காலராக் கொட்டகையில் இரண்டு பேர்

கட்டில் மிதந்தது. தங்கையனுக்கு அதில் சந்தேகமே இல்லை. மூன்று மணி வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து தரையில் பரவியதுமே, இது வெயில் இல்லை, வெண்ணாற்றுத் தண்ணீர் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கல்லணை தாண்டி வந்து சேர்ந்த செங்கலங்கல் தண்ணீர். அது கட்டில் கால்களைத் தொட்டது, தடவியது, பிறகு மெல்லத் தூக்கியது. இரும்புக் கட்டில் வைக்கோல் கட்டு மாதிரி லேசாகிச் சுவரோரமாக நகர்ந்தது. யாரையும் கேட்காமல் ஒரு கொக்கு உள்ளே வந்து, மருந்து மேஜைக்கும் வாசலுக்கும் நடுவில் மீன் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் அதை விரட்டவில்லை. காய்ச்சல் நூற்றிமூன்று இருந்தது என்று பிறகு சொன்னார்கள். இருக்கட்டுமே. நாற்பத்தெட்டு வயதில் அந்த மனுஷன் பட்டப்பகலில் படுத்துக் கிடந்தது அதுதான் முதல்முறை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

பதினைந்து ஏக்கருக்கு மேல் யாரும் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்த சமயம் அது. சட்டம் வந்த வேகத்தில் தாலுகா முழுக்கப் புதுப்புது மிராசுதார்கள் முளைத்தார்கள். சமையல்காரர், காரியஸ்தரின் மச்சான், இன்னும் பேர் வைக்காத கைக்குழந்தை என்று பத்திரங்கள் பறந்தன. பஞ்சநதம் பண்ணையில், வாய்க்காலுக்குத் தெற்கே கிடந்த வயலெல்லாம் ஒரு வில்வண்டிக்காரர் பேரில் இருந்தது. வில்வண்டிக்காரருக்கே அது தெரியாது. குறுவை முற்றித் தலை சாய்ந்தபோது சங்கத்து ஆட்கள் செங்கொடியோடு அந்த வயலில் அறுக்க இறங்கினார்கள். முதலில் இறங்கியவன் தங்கையன். பண்ணை ஆட்களும் சும்மா வரவில்லை. அந்தத் தள்ளுமுள்ளில் அவன் இடது கெண்டைக்காலில் யாருடைய அரிவாளோ இறங்கியது. யாருடையது என்று போலீஸ் இன்னும் எழுதி முடிக்கவில்லை. அவனுடைய சொந்த அரிவாளாகவே இருக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் ஓர் அபிப்பிராயம் வைத்திருந்தார்.

டவுன் தர்மாஸ்பத்திரியின் பெரிய வார்டில் ஒன்பது நாள் கிடந்தான். வேளை தவறாமல் பென்சிலின் ஊசி போட்டார்கள். புண் ஆறுவேனா என்றது. பிறகு புண்ணைப் பஞ்சில் தொட்டெடுத்துத் தஞ்சாவூருக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து சீட்டு வந்த அன்றே அவனைக் கட்டிலோடு தூக்கிக் காலராக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள்.

கொட்டகை காம்பவுண்டின் கடைக்கோடியில் இருந்தது. சமையற்கட்டு தாண்டி, கிணறு தாண்டி, துணி உலர்த்தும் கொடிகள் தாண்டி, ஆற்றங்கரை ஓரமாக, காலரா வந்த வருஷங்களில் கட்டியது. எந்த ஊரிலும் கடைசியில் ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருப்பார்கள். தங்கையன் பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணம் கட்டியதும் அப்படியோர் இடத்தில்தான். ஆஸ்பத்திரியிலும் தனக்கான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு, ஒரு அலுமினிய டம்ளர். இரண்டிலும் அடையாளத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. வேறு பாத்திரங்களோடு அவற்றைச் சேர்ப்பதில்லை, தனியாக வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். டீக்கடையில் தங்கள் தெருக்காரர்களுக்கென்று கட்டித் தொங்கவிட்டிருந்த தனி டம்ளரைத் தரையில் அடித்து நசுக்கிவிட்டுப் பதினெட்டு நாள் ஜெயிலில் இருந்தவன் அவன். இப்போது அந்தச் சிவப்பு டம்ளரில் கஞ்சித் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

எல்லாவற்றையும்விட, அந்தக் கை கழுவல்.

நர்ஸ் ஹமீதா பானுவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கூத்தாநல்லூர்க்காரி. அவள் அத்தா அப்துல் வஹாப் மலேயாவில் கடை வைத்திருந்தவர். மகள் நர்ஸ் படிப்புக்குப் போகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் ஆறு மாதம் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். நிம்மதியாக இருந்தது என்றாராம் அவர். வெள்ளைச் சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, "கால நீட்டுங்க, வலிச்சா சொல்லுங்க" என்பாள். பண்ணை வீட்டு ஐந்து வயதுப் பிள்ளைகூட அவனை 'டேய்' என்றுதான் கூப்பிடும். ஆகவே அந்த 'ங்க' அவனைக் குழப்பியது. இவ்வளவு மரியாதையாகப் பேசிக் கட்டுப் போட்டுவிட்டு, நேரே வாசலுக்குப் போய், ஆயா மொண்டு ஊற்ற ஊற்றச் சிவப்புச் சோப்பை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு நாள் அவன் எண்ணிப் பார்த்தான். முப்பது வரை எண்ணியும் கழுவி முடியவில்லை. அவனைத் தொடுவதற்கு முன்னாலும் அவள் அதே போலக் கழுவிவிட்டுத்தான் வந்தாள். அதை அவன் எண்ணவில்லை.

பேத்தி பிறந்த செய்தியை அவன் மனைவி பூவம்மாள் கொட்டகை வாசலில் நின்றபடியே சொன்னாள். உள்ளே போகக் கூடாது என்று அவளுக்கும் உத்தரவு. "பொம்பளப் புள்ளைங்க! காலையில பால்காரன் மணியடிக்கிற நேரத்துக்குப் பொறந்துச்சு. தலை நெறைய முடி. கத்துற கத்துல ஆஸ்பத்திரி ஓடு பேந்துடும் போலருக்கு."

இதே ஆஸ்பத்திரியின் முன்கட்டில்தான் பிரசவ வார்டு. மகள் காத்தாயி அங்கே வந்து சேர்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். இதற்கு முன் அவளுக்குப் பிறந்தவை இரண்டு. ஒன்று பிறக்கும்போதே கண் திறக்கவில்லை. இன்னொன்று ஏழாம் நாள் போய்விட்டது. அதற்கப்புறம் காத்தாயி நாற்று முடிச்சைக் கையில் பிடித்தபடி நட்ட வயல் நடுவே அசையாமல் நின்றுவிடுவாள், யாராவது போய்த் தோளைத் தொட வேண்டியிருக்கும்.

"சேனை இன்னும் வெக்கல" என்றாள் பூவம்மாள். "எங்கப்பா கைதான் வெக்கணும், வேற எவ வெரலும் எம்புள்ள வாயில படக் கூடாதுங்குறா. முன்ன ரெண்டுக்கும் யார் யாரோ வெச்சாங்க, அதான் தங்கல, இதுக்கு எங்கப்பா வெச்சாத்தான் மண்ணப் புடிச்சு நிக்கும்னு ஒரே புடியாப் புடிக்கிறா."

பிறந்த குழந்தையின் நாக்கில் சீனித் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் விரலோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் சிடுமூஞ்சிகளையும் கஞ்சர்களையும் அந்தச் சமயத்தில் தெருவிலேயே காண முடியாதபடி ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவார்கள். தங்கையனை இதுவரை யாரும் சேனைக்குக் கூப்பிட்டதில்லை. கேஸுக்கும் ஜெயிலுக்கும் அலைகிற குணத்தை எந்த வீட்டில் விரும்புவார்கள்? இப்போது மகள் கேட்கிறாள். அவன் வலது கை ஆட்காட்டி விரலைத் தூக்கி வெயிலில் பார்த்தான். கதிர் அறுத்து, மண் வெட்டி, நுனி தடித்துப்போன விரல். அன்று மத்தியானக் காய்ச்சலில் அந்த விரல் தானாகவே இனித்தது. ஆற்றுத் தண்ணீர் அறைக்குள் வந்தது, கட்டில் புறப்பட்டது, கிணற்றைச் சுற்றி, கொடித் துணிகளுக்கு அடியில் புகுந்து, பிரசவ வார்டு வாசலில் போய்த் தட்டி நின்றது. ஒரு சின்ன வாய் திறந்தது. அதற்குள் விழித்துவிட்டான், அழுகையாக வந்தது.

கட்டு மாற்ற ஹமீதா பானு வந்ததும் சொன்னான். "நாளைக்கிப் பிரசவ வார்டு வரைக்கும் போயிட்டு வந்துடுறேன் நர்சம்மா. பேத்திக்குச் சேனை வெக்கணும்."

அவள் கையிலிருந்த இடுக்கி நின்றது. "ஆத்தங்கரை வரைக்கும் நடங்க, வேணாங்கல. அங்க மட்டும் போகக் கூடாது."

"ஏனாம்?"

"உங்க புண்ணுல இருக்குற கிருமி விரல்ல ஒட்டும். விரல்லேருந்து பச்சப்புள்ள வாயிக்குப் போயிடும். பென்சிலினுக்கும் அது சாகல, ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் சாகல. பெரிய உடம்பு நீங்க தாங்குறீங்க. அது தாங்காது."

"கையக் கழுவிட்டுத்தான் போவேன்."

"கழுவுனாலும் வேணாம். கட்டு ஊறிக்கிட்டு இருக்கு. நீங்க ஒரு நாளைக்கி நூறு தடவ காலத் தொட்டுப் பாக்குறீங்க. துணியெல்லாம் அதான் இருக்கும்."

"தீட்டுன்னு நேராவே சொல்லிட்டுப் போங்களேன்."

"தீட்டு இல்லங்க. கிருமி."

"பேரத்தான் மாத்திட்டீங்க!" தங்கையன் குரல் உயர்ந்துவிட்டது. "தனித் தட்டு, தனி டம்ளர், கடைசியில ஒரு கொட்டக, தொட்டாக் கை கழுவு. எல்லாம் நாங்க பாத்ததுதான். எங்க தாத்தன் காலத்துல இதுக்குக் கிருமின்னு பேரு இல்ல, அவ்வளவுதான்."

ஹமீதா பானுவின் முகம் அறை வாங்கினாற்போல் ஆனது. கட்டை முடித்துப் பின் குத்தினாள். பிறகு வாசலுக்குப் போய்க் கை கழுவினாள். வேறென்ன செய்வாள், கழுவித்தானே ஆக வேண்டும்? ஆனால் அந்தத் தண்ணீர்ச் சத்தம் தங்கையனுக்கு அரிவாள் வெட்டைவிட அதிகமாக வலித்தது. நாளைக்கு அவள் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துப் போயே தீருவது என்று முடிவு செய்துவிட்டான்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் மிராசுதார் பஞ்சநதம் குப்புறப் படுத்திருந்தார்.

தங்கையன் காய்ச்சல் மறுபடியும் ஏறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். கொக்கு வரலாம், ஆறு வரலாம், மிராசுதார் எப்படி வருவார்? ஆனால் வந்தவர் நிஜமாகவே பஞ்சநதம்தான், அந்தக் கனைப்பு வேறு யாருக்கும் கிடையாது. அவர் முதுகில் ராஜபிளவை வந்து, மூன்று வாரத்துக்கு முன் அறுத்துவிட்டு, முன்கட்டில் ஸ்பெஷல் ரூமில் வெள்ளி டம்ளரும் விசிறி பிடிக்க ஆளுமாகக் கிடந்தார். ராஜபிளவை என்றால் பேருக்கேற்ற கட்டி, ஏழைகளை அது அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. அறுத்த இடம் ஆறாமல் போகவே அவர் புண்ணையும் பஞ்சில் தொட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பியிருந்தார்கள். சீட்டு வந்துவிட்டது.

பஞ்சநதம் தலையைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "என்னைய இவனோடயா போடுறீங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கிருமி" என்றாள் ஹமீதா பானு. "வேற யாரோடயும் உங்களச் சேக்க முடியாதுங்க. இவரோட மட்டுந்தான் சேக்கலாம்."

அந்த வாக்கியத்தைப் பஞ்சநதம் ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கலெக்டருக்கு எழுதுவேன் என்றார், மந்திரிக்கு எழுதுவேன் என்றார். எழுதக் கையைத் தூக்கினால் முதுகு இழுத்தது. தங்கையனோ, பழக்க தோஷம், மிராசுதாரைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தான். "எழுந்திரிக்காதீங்க, கட்டு அவுந்துடும்" என்று நர்ஸ் அதட்டினாள். ஆகவே அவன் மிராசுதார் முன்னால் காலை நீட்டியபடியே படுத்திருக்க வேண்டியதாயிற்று. என்ன ஒரு சுகம் அது! சங்கத்தில் பத்து வருஷம் கற்றுக்கொடுத்தும் வராத ஒன்று டாக்டர் உத்தரவில் வந்துவிட்டது.

அவருக்கும் அலுமினியத் தட்டு வந்தது. அலுமினிய டம்ளர் வந்தது. சிவப்புப் பெயிண்ட் இன்னும் காயக்கூட இல்லை.

ஹமீதா பானு கை கழுவிவிட்டு வந்து அவர் முதுகுக் கட்டைப் பிரித்தாள், துடைத்தாள், மருந்து வைத்துக் கட்டினாள். எழுந்து வாசலுக்குப் போனாள். ஆயா தண்ணீர் மொண்டாள். தங்கையன் முழங்கையை ஊன்றி நிமிர்ந்து பார்த்துக்கொண்டே எண்ணினான். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை. முப்பது தாண்டியது. அவனுக்கு எவ்வளவோ அவருக்கும் அவ்வளவு. ஒரு சொட்டுக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஏம்மா!" பஞ்சநதம் வெடித்தார். "என்னத் தொட்டுட்டாக் கை கழுவுற? நான் யாருன்னு நெனச்ச? நான் என்ன தீண்டாதவனா?"

தங்கையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கில் வந்தது, அப்புறம் வயிற்றில் வந்தது, கட்டில் கிறீச்சிட்டது. நேற்று தான் கேட்ட கேள்வியை அந்த வாயில் கேட்கும் நாள் ஒன்று வரும் என்று யார் கண்டார்கள்? சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் முழுக்கச் சிரிப்பு இல்லை. நேற்று அவளைப் பேசிய பேச்சும் அதில் இருந்தது.

"ஒனக்கு என்னடா சிரிப்பு? ஒங்கிட்டேருந்துதான் எனக்குத் தொத்திருக்கும்."

"இவரு வர்றதுக்கு முன்னாடியே உங்க முதுகுல சீழ் வெச்சிருச்சு" என்றாள் நர்ஸ், துண்டில் கை துடைத்துக்கொண்டே. "ஒரே மருந்துத் தட்டு, ஒரே கத்தரியில ரெண்டு பேருக்கும் கட்டுப் போட்டோம். அதுல வந்துருக்கணும்."

"அப்ப இது ஆண்டே குடுத்ததா?" என்றான் தங்கையன். பண்ணையாரை 'ஆண்டே' என்று இனிக் கூப்பிடக் கூடாது என்பது சங்கத்தின் தீர்மானம், இருந்தாலும் இந்த இடத்துக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. "முப்பது வருஷத்துல நீங்க அளக்காமக் குடுத்தது இது ஒண்ணுதான்."

பஞ்சநதம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிற்பகலில் அவர் குறட்டை விட ஆரம்பித்தார். ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஒளி ஓட்டுக் கூரையின் உள்பக்கம் நெளிந்து நெளிந்து ஆட, கொட்டகையே நீருக்கடியில் இருப்பது போலிருந்தது. அந்த ஒளியில் ஹமீதா பானு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து அவளைத் தங்கையன் பார்த்ததேயில்லை.

"நேத்து தப்பாப் பேசிட்டேன் நர்சம்மா" என்றான்.

"உங்க எடத்துல இருந்தா நானும் அப்புடித்தான் நெனப்பேன்."

அவன் கூரையைப் பார்த்தபடி யோசித்தான். "ஆடுதுறை இருபத்தேழு நெல்லு போட்ட புதுசுல, இவரு வயலுக்கு நான்தான் எண்ட்ரின் அடிச்சேன். மொத வருசம் பூச்சியெல்லாம் மழையாட்டம் கொட்டுச்சு. மூணாம் வருசம் மருந்துலயே குளிச்சிட்டு எந்திரிச்சுப் போவுது. மிஞ்சுன நாலு பூச்சி பெத்ததுதான் அவ்வளவும். அது மாதிரியா இது?"

"அதேதான்" என்றாள் ஹமீதா பானு. "கண்டதுக்கெல்லாம் ஊசி போட்டோம். செத்ததெல்லாம் செத்துச்சு. சாகாதது ஆஸ்பத்திரியிலயே குடும்பம் நடத்துது." பிறகு தன் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். சோப்பும் லைசாலும் பட்டுப் பட்டுத் தோல் வெடித்திருந்தது. "போன மாசம் வரைக்கும் பாதி நாள் நான் பிரசவ வார்டுலதான் வேலை பாத்தேன். ஸ்பெஷல் ரூம்ல இவரு முதுகுக்குக் கட்டுப் போடுவேன். அவசரம்னு கூப்புடுவாங்க, கையத் துண்டுல தொடச்சிட்டு அங்க ஓடுவேன். ஒரு புள்ளைக்குத் தொப்புளச் சுத்திக் கொப்புளம் வந்துச்சு. அடுத்த கட்டில்ல இன்னொண்ணுக்கு. ஒண்ணு பொழச்சுது."

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"எங்கையிலதான் போயிருக்கணும்" என்றாள். "ரெண்டு எடத்துலயும் இருந்த கை வேற யாருதும் இல்ல. அன்னையிலேருந்து அந்த வாசப்படிய நான் மிதிக்கல. அங்க சாவித்திரி சிஸ்டர், இங்க நான். நடுவுல கெணறு. உங்க பேத்தி மொகத்த நானும் பாக்கல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தங்கையனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வெந்நீர் வெச்சுக் கைக்கு எண்ணெ போடுங்க" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அவன் எங்கும் போகவில்லை.

ஆனால் ஆசை என்று ஒன்று இருக்கிறதே, அது காய்ச்சலைவிடப் பொல்லாதது. தஞ்சாவூரிலிருந்து வேறு மருந்து வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வாய்க்குக் கஞ்சி ருசித்தது. உடம்பே சரியாகிவிட்ட பிறகு கிருமி மட்டும் என்ன செய்துகொண்டிருக்கும்? அதுவும் போயிருக்கும் என்று அவனே தன் பக்கத்து வக்கீலாகி வாதாட ஆரம்பித்தான். அன்று மத்தியானம் பூவம்மாள் ஓடி வந்தாள்.

"பேரு வெட்டிட்டாங்க, வீட்டுக்குப் போவ வண்டி வந்து நிக்கிது. அவ புள்ளைய மடியில வெச்சிக்கிட்டுக் கெடந்த எடத்துலயே கெடக்குறா. அப்பா வராம எழுந்திரிக்க மாட்டேங்குறா. பால் குடிக்கிறப்ப கொஞ்சம் பொறையேறுச்சு, அதுக்கே 'இதுவும் போவப்போவுது'ன்னு மொகம் செத்துப்போச்சு. இது நெலைக்கலன்னா அவளும் நெலைக்க மாட்டாங்க. நர்சம்மா சாப்புடப் போயிருக்கு. ஒரே ஓட்டமா வந்து வெச்சிட்டுப் போயிடுங்க."

தங்கையன் எழுந்து வாசலுக்குப் போய்ச் சிவப்புச் சோப்பை எடுத்தான். ஒரு தடவை கழுவினான், இரண்டாம் தடவை கழுவினான், நகக்கண்ணில் துரும்பு விட்டுக் குடைந்து மூன்றாம் தடவையும் கழுவினான். உள்ளேயிருந்து பஞ்சநதத்தின் குரல் வந்தது.

"போய் வெச்சிட்டு வாடா. ஒரு நொடி வேல. எவனாச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

எத்தனை வாசலில் இந்தக் குரல் அவனை நிறுத்தியிருக்கிறது! இன்றைக்கு உள்ளே போகச் சொல்கிறது. அவன் நடந்தான்.

வெயில் இளகிக் கிடந்தது. கொடிகளில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காற்றுக்கு உப்பி எழுந்தன, தணிந்தன. அவற்றுக்குள் புகுந்து போகும்போது எந்தப் பக்கம் ஆறு, எந்தப் பக்கம் கட்டடம் என்று தெரியவில்லை. பூவம்மாளின் குரல் முன்னால் எங்கோ, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்றது. கால் வலிக்கவேயில்லை. அன்று காய்ச்சலில் கட்டிலில் ஏறி அவன் மிதந்து போன அதே வழிதான், எதுவும் புதிதாக இல்லை. கடைசி விரிப்பு முகத்தை விட்டு விலகியதும் பிரசவ வார்டின் வாசல் எதிரே நின்றது. மூன்று படிகள். கதவு திறந்திருந்தது. காவலுக்கு யாரும் இல்லை.

உள்ளே மூன்றாவது கட்டிலில் காத்தாயி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப் பொட்டலம். பக்கத்தில் பித்தளைக் கிண்ணத்தில் சீனித் தண்ணீர். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னால் எழுத முடியாது. நிறைந்த வயலில் வெயில் விழுந்த மாதிரி என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கையன் ஒரு படி ஏறினான். இரண்டாவது படியில் காலை வைத்தபோது கட்டுக்கு அடியில் நமநமவென்று அரித்தது. கை தானாகக் கீழே போயிற்று. அவன் அனுப்பவில்லை, அதுவாகப் போயிற்று. கட்டின் ஓரத்தில் ஒரு விரல் நுழைந்து சொறிந்துவிட்டு மேலே வந்தது. அவன் அதைப் பார்த்தான். வலது கை ஆட்காட்டி விரல். நுனி ஈரமாக இருந்தது.

மூன்று தடவை கழுவிய விரல்.

"உள்ள வாப்பா" என்றாள் காத்தாயி.

அவன் வரவில்லை. விரலை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, ஏறிய இரண்டு படியையும் பின்னாலேயே இறங்கினான். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால், ஐயோ, இன்னும் நாலே நாலு எட்டு.

"ஏம்ப்பா நிக்கிற?" என்றாள் காத்தாயி. சட்டென்று கண்ணில் பழைய நெருப்பு வந்தது. "யாரு நிறுத்துனா? சொல்லு. எவ நிறுத்துனா ஒன்ன?"

"எவளும் நிறுத்தலம்மா. நானாத்தான் நிக்கிறேன்."

வார்டில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூவம்மாள், "என்னங்க இது?" என்றாள்.

"எங்கையில அந்தப் பூச்சி இருக்கு ஆத்தா. கழுவுனாலும் போவல, இப்பத்தான் பாத்தேன்" என்றான் தங்கையன் மகளைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிறாப்போல. "நீயே வையி."

"பெத்தவ வெக்கிறது எங்கயாச்சும் உண்டா?" என்றாள் காத்தாயி.

"இங்க உண்டு. ஒங்கொணத்துக்கு என்ன கொறச்சல்? ஒன்னவிட அழுத்தக்காரி இந்தத் தாலுக்காவுலயே கெடையாது. அது போதும் எம்பேத்திக்கு. மண்ணப் புடிச்சு நிக்கும், பாரு."

காத்தாயி அவனையே பார்த்தாள். அவன் தூக்கிப் பிடித்திருந்த விரலைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு எழுந்தாள். பிள்ளை அழத் தொடங்கியது. சாவித்திரி சிஸ்டர் தண்ணீர் ஊற்ற, சோப்புப் போட்டு விரல் விரலாகக் கழுவினாள். கிண்ணத்தில் தொட்டாள். பொட்டலத்தின் மேல் குனிந்தாள். அழுகை சட்டென்று நின்று, சப்புக் கொட்டும் சின்னச் சத்தம் வந்தது. வார்டில் யாரோ குலவையிட்டார்கள்.

படிக்குக் கீழே தங்கையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கொடித் துணிகளை விலக்கிக்கொண்டு ஹமீதா பானு மூச்சிரைக்க ஓடி வந்தாள், சோற்றுக் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்று பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தினாள். அவளும் படியேறவில்லை. அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, எட்டி எட்டி உள்ளே பார்த்தாள்.

"யாரு ஜாடைங்க?" என்றாள்.

தங்கையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான்.

"இங்கேருந்து சரியாத் தெரியல நர்சம்மா" என்றான்.